சிக்னலில் அணைந்து போகும் கார்: பணத்தைக் கொட்டும் முன் வீட்டு வாசலில் பாருங்கள்!

காலை ஒன்பதரை மணி. செகந்திராபாத் பாரடைஸ் சந்திப்பில் சிவப்பு விளக்கு. வரிசையில் நிற்கும் பழைய கார் ஒன்று காய்ச்சல் கண்டதுபோல் நடுங்குகிறது. பச்சை விளக்கு வந்ததும் ஓட்டுபவர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு அணைந்து போகிறது. பின்னால் பஸ், ஆட்டோ, மோட்டார் சைக்கிள். ஹாரன் சத்தம் காதைப் பிளக்கிறது.

சீட்டுப் பணம் எடுத்து, பாங்கிக் கடனும் வாங்கிப் பழைய கார் வாங்கிய குமாஸ்தாவுக்கு இது நடுத்தெருவில் மானம் போகிற காரியம். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கோ அன்றைய கூலியே போயிற்று.

ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டால் இக்காலத்தில் அடிக்கடி கிடைக்கும் பதில், "திராட்டில் பாடி போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்பது. புதிய திராட்டில் பாடியின் விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்குகிறது. பத்தாயிரத்தைத் தாண்டும் மாடல்களும் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு இது பள்ளிக் கட்டணத்துக்கும் வீட்டு வாடகைக்கும் எடுத்து வைத்த பணம்.

உண்மையில் பல கார்களில் அந்தச் சாமான் கெட்டுப் போயிருப்பதில்லை. அழுக்கேறி இருக்கிறது, அவ்வளவுதான். எது அழுக்கு, எது பழுது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். பாதி வேலையை ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றாலும் பல கார்களில் நான்கு போல்ட் வேலைதான்.

ஸ்பேனர் பிடிப்பது ஐதராபாத் தமிழருக்குப் புதிதும் அல்ல. 1893ல் ஏற்பட்ட லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் சங்குச் சத்தத்தில் விழித்தெழுந்த தமிழ்க் குடும்பங்கள் பல.

என்ஜினின் மூக்கு

திராட்டில் பாடி என்பது என்ஜினுக்குள் போகும் காற்றை அளந்து விடும் கதவு. ஏர் பில்டரில் இருந்து வரும் தடித்த ரப்பர்க் குழாய் எங்கே முடிகிறதோ, அங்கே ஒரு அலுமினியக் கூடு இருக்கும். அதுதான் திராட்டில் பாடி. அதன் பின்புறம் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் மேனிபோல்டு. பானெட்டைத் திறந்து ஏர் பில்டர் பெட்டியில் இருந்து குழாயை விரலால் தொடர்ந்துகொண்டே போனால் எந்தக் காரிலும் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

கூட்டுக்குள்ளே காசுபோல் வட்டமான ஒரு தகடு, நடுவில் அச்சு கோத்து நிற்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் தகடு சாய்ந்து வழிவிடும். காலை எடுத்தால் மூடிக்கொள்ளும். உள்ளே போகும் காற்றின் அளவை அறிந்து, அதற்குத் தக்க பெட்ரோலை இன்ஜெக்டர் வழியாகப் பீச்சச் சொல்வது காரில் உள்ள கம்ப்யூட்டர். அதற்குச் செய்தி சொல்லத் தகட்டின் அச்சிலேயே ஒரு சென்சார் பொருத்தப்பட்டிருக்கிறது.

இந்தத் தகடு புதுக் கண்டுபிடிப்பு அல்ல. சார்மினாருக்குப் பக்கத்தில் சௌமகல்லா அரண்மனையில் நிஜாமின் 1912ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் மஞ்சள் நிறத்தில் நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அந்தக் காலத்துக் கார்புரேட்டர்களிலும் என்ஜினின் வேகத்தைக் கட்டுப்படுத்தியது இப்படிப்பட்ட ஒரு கதவுதான். கார்புரேட்டர் காற்றையும் பெட்ரோலையும் தானே கலந்தது. இப்போது பெட்ரோல் வேலை இன்ஜெக்டருக்குப் போய்விட்டது; காற்றுக் கதவு மட்டும் திராட்டில் பாடியாக நிற்கிறது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. ஜப்பானின் மிக்குனி கம்பெனியின் கூட்டுறவோடு 1985ல் தொடங்கிய சென்னையின் யூகால் கம்பெனி, மாருதிக் கார்களுக்குக் கார்புரேட்டர் செய்து கொடுத்தது.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 கார்புரேட்டரோடுதான் வந்தது. புகைக் கட்டுப்பாடு விதிகள் இறுகிய பிறகு, 2000ஆம் ஆண்டை ஒட்டி இன்ஜெக்டர் முறைக்கு மாறியது. ஐதராபாத் உள்ளிட்ட 13 நகரங்களில் 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 விதி வந்ததும் அந்தக் காரின் விற்பனை இந்நகரங்களில் நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியும் முடிந்தது. என்றாலும் பழைய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்போருக்கும், அதற்குப் பின் வந்த சின்னக் கார்களை வாங்கியோருக்கும் இந்த விவரங்கள் பொருந்தும்.

அழுக்கு எங்கிருந்து வருகிறது?

ஏர் பில்டர் தூசியைப் பிடித்துக்கொள்ளுமே, பின் அழுக்கு எப்படி என்று கேட்கலாம். என்ஜினுக்குள் பிஸ்டனைத் தாண்டிக் கசியும் வாயுவும் ஆயில் ஆவியும் வெளியே போகாமல், மறுபடி எரிவதற்காகக் காற்றுப் பாதைக்கே ஒரு குழாய் வழியாகத் திருப்பி விடப்படுகின்றன. அந்த ஆவி தகட்டின் ஓரத்தில் படிந்து, பில்டரைத் தாண்டி வரும் நுண்ணிய தூசியோடு சேர்ந்து, அடுப்படிச் சுவரில் ஏறும் எண்ணெய்ப் பிசுக்குபோல் கறுப்பாகக் கெட்டிப்படுகிறது.

வண்டி நிற்கும்போது என்ஜின் அணையாமல் இருக்க மிகச் சிறிய அளவு காற்றுதான் வேண்டும். அந்த வழியைப் பிசுக்கு அடைத்துவிட்டால் என்ஜின் மூச்சுத் திணறுகிறது. ஏசி போட்டால் சுமை கூடி அணைந்தே போகிறது. ஓடும்போது ஒழுங்காக இருந்து, சிக்னலில் மட்டும் சண்டித்தனம் செய்வதன் ரகசியம் இதுதான்.

முதலில் சோதனை

திராட்டில் பாடியின் மேல் பழி போடும் முன் செலவில்லாத சோதனைகளை வரிசையாகச் செய்ய வேண்டும்.

ஒன்று: ஏர் பில்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாத அளவுக்கு அடைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

இரண்டு: ரப்பர்க் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். என்ஜின் ஓடும்போது ‘உஸ்’ என்ற சத்தம் கேட்டால் எங்கோ காற்றுத் திருட்டு நடக்கிறது. குழாய் இணைப்புகளில் மட்டும், மின்சார இணைப்பில் படாமல், சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள். அந்த இடத்தில் என்ஜின் ஓட்டம் மாறினால் கசிவு அங்கேதான்.

மூன்று: ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் இவற்றையும் பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டர் எரியாவிட்டாலும் வண்டி இப்படியே குலுங்கும்.

நான்கு: டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரிந்தால் கோளாறு எண்ணைப் படியுங்கள். செல்போனோடு இணையும் சிறிய ஸ்கேனர் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. பி0121 என்றால் தகட்டுச் சென்சாரில் சந்தேகம். பி0505 என்றால் ஐடிலிங் காற்று ஏற்பாட்டில் குறை. பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பெரும்பாலும் குழாய்க் கசிவைத் தேட வேண்டும். கோளாறு எண் நோயின் அறிகுறியைத்தான் சொல்லும். எந்தச் சாமானை வாங்குவது என்பதை அது சொல்லாது.

ஐந்து: கேபிள் வைத்த வண்டி என்றால் மல்டிமீட்டர் வைத்துச் சென்சாரைச் சோதிக்கலாம். பெரும்பாலான வண்டிகளில் தகடு மூடியிருக்கும்போது அரை வோல்ட் அளவிலும், முழுதும் திறந்தால் நான்கு வோல்ட்டுக்கு மேலும் காட்டும். மெதுவாகத் திறக்கும்போது முள் சீராக ஏற வேண்டும். நடுவில் குதித்தாலோ விழுந்தாலோ சென்சார் தேய்ந்துவிட்டது.

துடைத்தாலே தீரும்

இத்தனைக்கும் பிறகு சந்தேகம் திராட்டில் பாடி மீதே விழுந்தால், என்ஜின் ஆறிய பின் சாவியை அணைத்து, ரப்பர்க் குழாயின் கிளாம்ப்பைத் தளர்த்திக் கழற்றுங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் தகட்டின் ஓரத்தில் கறுப்பு வளையம் தெரியும்.

திராட்டில் பாடிக்கென்றே விற்கும் கிளீனர் ஸ்பிரேயை வாங்கி, சுத்தமான துணியில் நனைத்துத் துடையுங்கள். சில தகடுகளின் மேல் மெல்லிய பூச்சு உண்டு. கண்ட கார்புரேட்டர் கிளீனரும் உப்புத்தாளும் அதை அழித்துவிடும். சென்சார் பக்கம் மருந்து வழியக் கூடாது. பக்கத்தில் பீடி, சிகரெட், ஊதுவத்தி எதுவும் கூடாது. எளிதில் தீப்பற்றும் மருந்து இது.

தகடு முழுதும் மூடாதபடி தடுத்து நிற்கும் சின்னத் திருகாணி ஒன்று இருக்கும். அது கம்பெனியிலேயே அளந்து வைத்தது. ஐடிலிங் சரியில்லை என்று அதைத் திருகுவது பல வண்டிகளைக் கெடுத்த வைத்தியம். தொடவே கூடாது.

கேபிள் இல்லாத புது வண்டிகளில் தகட்டை நடத்துவது ஒரு சின்ன மோட்டார். சாவி போட்டிருக்கும்போது அதற்குள் விரலை விட்டால் தகடு கடித்துவிடும். கையால் பலமாகத் தள்ளினால் உள்ளிருக்கும் பல்சக்கரம் கெட்டுப்போகும்.

எப்போது மாற்ற வேண்டும்?

அச்சைப் பிடித்து ஆட்டினால் தளதளவென்று ஆடினால் மாற்ற வேண்டும். கூடு வெடித்திருந்தாலும், துடைத்த பிறகும் தகடு சிக்கிக்கொண்டாலும் மாற்ற வேண்டும். மோட்டார் வண்டியில் மோட்டாரோ இரட்டைச் சென்சாரோ பழுதானால், பெரும்பாலும் முழுச் சாமானாகத்தான் கிடைக்கும்.

கேபிள் வண்டியில் ஒரு லாபம் உண்டு. பல மாடல்களில் சென்சாரும் ஐடிலிங் வால்வும் தனித்தனியாக விற்பனைக்குக் கிடைக்கின்றன. கெட்டது எதுவோ அதை மட்டும் வாங்கினால் செலவு வெகுவாகக் குறையும்.

ராணிகஞ்சில் வாங்கும்போது

டாங்க் பண்ட் சாலை செகந்திராபாத் பக்கம் முடியும் இடத்தில் ராணிகஞ்ச். இயந்திரச் சாமானும் மோட்டார் சாமானும் விற்கும் கடைகள் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அங்கே போகும் முன் நான்கு விவரங்களைச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: காரின் மாடல், தயாரித்த மாதமும் ஆண்டும், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண், பழைய திராட்டில் பாடியின் மேல் பொறித்த பார்ட் நம்பர். முடிந்தால் பழைய சாமானையே கையில் கொண்டு போவது உத்தமம். ஒரே மாடலில் இரண்டு ஆண்டுகளுக்குள் சாமான் மாறியிருக்கக்கூடும். துவாரம் பொருந்தினாலும் கனெக்டர் பொருந்தாது.

மொழி தெரியாதவர் என்று விலை ஏறிவிடுமோ என்ற கவலை புதிதாக வந்தவர்களுக்கு உண்டு. கொஞ்சம் தெலுங்கு போதும். "கொத்ததா, பாததா?" என்றால் புதியதா, பழையதா என்று கேள்வி. "பில்லு இவ்வண்டி" என்றால் பில் கொடுங்கள். இந்த ஊர் உருதுவில் "ஹவ்" என்றால் ஆமாம்; "நக்கோ" என்றால் வேண்டாம். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால், தயங்காமல் "நக்கோ" சொல்லிவிடலாம்!

ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் வாங்குவது அவசியம். அதில் பார்ட் நம்பரும் எழுதச் சொல்லுங்கள். மின்சாரச் சாமான்களைப் பல கடைகளில் திரும்ப எடுப்பதில்லை. மாற்றித் தருவார்களா என்பதை முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். பெட்டியின் அச்சு மங்கலாக இருந்தாலும், எழுத்துப் பிழை இருந்தாலும் போலியென்று சந்தேகிக்கலாம். ஏமாற்றப்பட்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம். பில் இல்லாவிட்டால் அந்தப் புகாருக்கு வலு குறைவு.

கூடவே புதிய காஸ்கெட்டோ ஓ-ரிங்கோ வாங்க மறக்க வேண்டாம். பழையதையே போட்டால் காற்றுக் கசிந்து, தீர்ந்த தொல்லை திரும்ப வரும்.

மாற்றும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். எந்த வயர் எங்கே, எந்தக் குழாய் எங்கே என்று செல்போனில் நாலைந்து படம் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ரப்பர்க் குழாயைக் கழற்றுங்கள். மின் கனெக்டர்களின் பூட்டை அழுத்தி எடுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. கேபிள் இருந்தால் கொக்கியில் இருந்து விடுவியுங்கள். சில வண்டிகளில் திராட்டில் பாடிக்குள் ரேடியேட்டர் தண்ணீர் ஓடும் இரண்டு சிறு குழாய்களும் வரும். சூடாக இருக்கும்போது அவற்றைக் கழற்றினால் கை வெந்துவிடும்.

பிறகு போல்ட்டுகளைக் குறுக்குமறுக்காகச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, கூட்டை வெளியே எடுங்கள். திறந்த துவாரத்தில் உடனே சுத்தமான துணியைத் திணிக்க வேண்டும். ஒரு சின்ன வாஷர் உள்ளே விழுந்து, அதோடு என்ஜினை ஓட்டினால், திராட்டில் பாடிச் செலவு என்ஜின் செலவாகிவிடும்!

பழைய காஸ்கெட்டின் மிச்சத்தைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டுங்கள். கத்தி வேண்டாம்; அலுமினியத்தில் கீறல் விழும். துணியை எடுத்ததை உறுதி செய்துகொண்டு, புதிய காஸ்கெட் வைத்துப் புதுச் சாமானைப் பொருத்துங்கள். போல்ட்டுகளை முதலில் கையால் ஏற்றி, பின் குறுக்குமறுக்காக இறுக்குங்கள். அலுமினிய மரையில் பலத்தைக் காட்டக் கூடாது. இறுக்கும் அளவு வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் என்பது பொது வழக்கம்.

எல்லாவற்றையும் பழையபடி பூட்டிவிட்டு, கூலன்ட் குறைந்திருந்தால் நிரப்பி, கடைசியாகப் பாட்டரியை இணையுங்கள்.

கம்ப்யூட்டருக்கும் பாடம்

புதிய தகட்டைக் கம்ப்யூட்டர் பழகிக்கொள்ள வேண்டும். சாவியை ‘ஆன்’ நிலையில் பத்து விநாடி வைத்து அணைத்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாமல், ரேடியேட்டர் விசிறி ஒருமுறை சுற்றும்வரை ஓட விடுங்கள். அடுத்து ஏசி போட்டுப் பாருங்கள். சின்னக் கார்களில் ஐடிலிங் பொதுவாக நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்றுக்குள் நிற்கும்.

மோட்டார் வைத்த சில மாடல்களில் ஸ்கேனர் கருவி மூலம் முறைப்படி கற்பித்தால்தான் ஐடிலிங் சரியாகும். அதற்கு மட்டும் ஒர்க்‌ஷாப் போனால் போதும். வாரண்டியில் இருக்கும் வண்டியை வீட்டில் தொடாமல், அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்தில் விடுவதே லாபம்.

உயிர் காக்கும் சோதனை

என்ஜினை அணைத்த நிலையில், கேபிள் வண்டியின் ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்துவிட்டுக் காலை எடுங்கள். தகடு ‘டக்’கென்று மூடிக்கொள்ள வேண்டும். மெதுவாக வந்தாலோ பாதியில் நின்றாலோ வண்டியை வெளியே எடுக்கவே கூடாது. கேபிளில் பிரி விட்டிருக்கிறதா, கால்மிதி மேட் பெடலில் இடிக்கிறதா என்று பாருங்கள்.

ஓடும்போதே ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டால்? பதறக் கூடாது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கை ஒரே அழுத்தாகப் பலமாக அழுத்துங்கள். விட்டு விட்டு மிதிக்க வேண்டாம். தகடு திறந்திருக்கும்போது பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் குறைந்துவிடும், இரண்டு மூன்று மிதியில் பிரேக் கல்லாகிவிடும். ஓரமாக நின்ற பிறகுதான் என்ஜினை அணைக்க வேண்டும். ஓட்டத்திலேயே சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் குடும்பத்தோடு காரிலேயே ஊருக்குப் புறப்படுவோர் உண்டு. ஐதராபாத்தில் இருந்து சென்னை அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். நள்ளிரவில் நெடுஞ்சாலையில், பின்னால் லாரி வரும்போது வண்டி அணைந்தால் அது மானப் பிரச்சினையோடு நிற்காது. புறப்படுவதற்கு முந்தின வாரமே ஒரு டார்ச்சும் ஒரு துணியும் எடுத்துக்கொண்டு அந்தக் கறுப்பு வளையத்தைப் பார்த்துவிடுவது நல்லது. அரை மணி நேர வேலை. ஊரில் வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் பெற்றோருக்காக அதைச் செய்யலாம்.